நடுப்பக்கம் திரையேறிய கதை

ஜூன் பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பேப்பரைப் பிரிக்கிறவர்கள் முதலில் தேடுவது தலைப்புச் செய்தியை அல்ல. உள்ளே எங்கோ ஒரு மூலையில் கட்டம் கட்டி நாலு வரி இருக்கும். மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. அவ்வளவுதான். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதெல்லாம் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. என்ற கணக்கை மனக்கணக்காகவே போடும் பெரியவர்கள் உண்டு. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு குறுவைக்கு விதை வாங்குவதா, சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று முடிவெடுத்தார்கள்.

அதே நாலு வரி இன்றைக்குக் கைபேசியில் எப்படி வருகிறது என்று பாருங்கள். ‘மேட்டூர் அணை நீர்மட்டம் இன்று’ என்று தேடுகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட தலைப்பு. உள்ளே போனால் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டதில் தொடங்கி, டெல்டா மாவட்டங்களின் பெயர்ப் பட்டியல், நேற்றைய நிலவரம், நடுவில் நாலு விளம்பரம். நாம் கேட்ட எண் கடைசிப் பத்தியில். வாசகரை எத்தனை விநாடி பிடித்து வைக்கிறோம் என்பதற்குத்தான் காசு என்று ஆகிவிட்ட தொழிலில், விடையை முதலிலேயே சொல்லிவிடும் உதவி ஆசிரியர் பிழைக்கத் தெரியாதவர்.

நாளிதழிலிருந்து இணையத்துக்குப் போகும் பத்திரிகையாளர்கள் பொதுவாக நுழைவது இந்த உலகத்தில்தான். ஒரு நாளைக்கு ஒரு முறை அச்சுக்குப் போகும் பக்கத்தை விட்டுவிட்டு, மணிக்கு இத்தனை செய்தி என்ற கணக்குக்குள் வருகிறார்கள். மன்னார்குடிக்காரரான பத்திரிகையாளர் சமஸின் பயணம் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவதற்குக் காரணம், அவர் இதற்கு நேர்மாறான நோக்கத்தோடு இணையத்துக்குப் போனார் என்பதுதான். வேகத்தைத் தேடிப் போகவில்லை. நிதானமாக எழுதவும் நீளமாக எழுதவும் ஓர் இடம் வேண்டும் என்று போனார்.

*

டெல்டாவுக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. கொஞ்சம் பின்னோக்கிப் போனால் ஆச்சரியமாக இருக்கும். திருவையாற்றில் 1855-இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், 1878 செப்டம்பரில் ஐந்து நண்பர்களோடு சேர்ந்து ‘தி இந்து’வைத் தொடங்கினார். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் அச்சான முதல் இதழ் 80 பிரதிகள். அந்தப் பத்திரிகையைப் பிற்பாடு வாங்கிய கஸ்தூரி ரங்க ஐயங்கார் கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூர்க்காரர். ‘ஆனந்த விகட’னை 1928-இல் வாங்கிய எஸ்.எஸ். வாசன் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். அந்த விகடனைத் தமிழர் வீடுகளுக்குள் கொண்டுபோன கல்கி கிருஷ்ணமூர்த்தி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலம். திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி ‘முரசொலி’யை 1942-இல் திருவாரூரில் தொடங்கினார்.

எல்லோரும் பிறந்தது இங்கே, பேர் வாங்கியது சென்னையில். டெல்டா நெல்லைப் போலவே பத்திரிகைக்காரர்களையும் விளைவித்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறது. உள்ளூரில் மிஞ்சியவர்கள் பகுதிநேர நிருபர்கள். இவர்களுடைய பெயர் எந்த வரலாற்றிலும் கிடையாது. அச்சான வரிகளை அளந்து காசு வாங்கிய காலம் அவர்களுடையது. டெல்டாவுக்கான பதிப்புகள் பல திருச்சியில் அச்சாகும் என்பதால், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ எடுத்த படச்சுருளை உறையில் போட்டு திருச்சி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்ள ஆள் வந்தாரா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பஸ் பழுதானால் படம் இல்லாமல் செய்தி வரும்.

சுப்பிரமணிய ஐயர் கதையில் நமக்கு இங்கே வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘தி இந்து’ நடத்திக்கொண்டிருந்தபோதே 1882-இல் ‘சுதேசமித்திர’னைத் தமிழில் தொடங்கினார். 1898-இல் இந்துவை விட்டு முழுதாகத் தமிழுக்கு வந்தார். அடுத்த ஆண்டே சுதேசமித்திரன் நாளிதழானது. 1904-இல் எட்டயபுரத்து இளைஞர் ஒருவரை உதவி ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார், அவர்தான் பாரதி. பேரும் வருமானமும் உள்ள இடத்தை விட்டுவிட்டு, வாசகர் எத்தனை பேர் என்று தெரியாத இடத்துக்குப் போவது டெல்டாப் பத்திரிகைக்காரர்களுக்குப் புதிதல்ல.

*

சமஸ் பிறந்த மன்னார்குடி இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். அரித்திராநதி என்று பெயர் வைக்கும் அளவுக்குப் பெரிய குளம் கொண்ட ஊர். அரசியல் சூடும் அதிகம். எந்தக் கட்சிக்காரரானாலும் ஒரு மணி நேரம் நின்று பேசுவார். நீடாமங்கலம் பால்திரட்டும் திருவையாறு அசோகாவும் கைக்கெட்டும் தூரத்தில். இப்படியொரு ஊர்க்காரர் முதலில் சாப்பாட்டைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியதில் வியப்பில்லை. ‘தினமணி’யில் இருந்தபோது எழுதிய உணவுக் கட்டுரைகள்தான் ‘சாப்பாட்டுப் புராணம்’ என்ற புத்தகமாயின. அந்தப் புத்தகத்தை உணவு விமர்சனம் என்று வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். கடையை நடத்தியவர் யார், எப்படி இந்த ஊருக்கு வந்தார், அடுப்படியில் நிற்பவர் யார் என்று பார்க்கும் நிருபர் கண்தான் அதில் வேலை செய்கிறது. ருசியைக் காட்டி ஊர்க்கதை சொல்லும் வித்தை அது.

‘ஆனந்த விகட’னிலும் பணியாற்றியவர், 2013 செப்டம்பர் 16 அன்று ‘தி இந்து’ தமிழ் நாளிதழ் தொடங்கியபோது அங்கே சேர்ந்தார். கே. அசோகன் ஆசிரியர். நடுப்பக்கத்துக்குப் பொறுப்பு சமஸ்.

இந்த நடுப்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் நாளிதழ்களில் தலையங்கம் எப்போதும் உண்டு, கட்டுரைகளும் உண்டு. ஆனால், ஒரு முழுப்பக்கத்தை விவாதத்துக்கென்றே ஒதுக்கி, நாள்தோறும் புதுப்புது ஆட்களை எழுத வைத்து, மறுநாள் வாசகர் கடிதத்தில் அதை அடித்துத் துவைக்கவும் இடம் கொடுத்தது, அந்தக் காலகட்டத்தில் பெரிய விஷயம். ‘கருத்துப் பேழை’ என்று பெயர். கடிதங்களுக்கு ‘இப்படிக்கு இவர்கள்’. இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக ‘வலைஞர் பக்கம்’ என்று ஒன்றும் அந்த நாளிதழில் வந்தது. அச்சு ஊடகம் இணையத்தை ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அங்கே நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நாளிதழ் ஒப்புக்கொண்டது.

டெல்டாவுக்கு அந்தப் பக்கம் செய்ததைத் தனியாகச் சொல்லலாம். ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தங்க. ஜெயராமன் காவிரிக் கரை வாழ்க்கையைப் பற்றி எழுதிய கட்டுரைகள் அங்கே வந்தன. ‘காவிரி வெறும் நீரல்ல’ என்று க்ரியா வெளியீடாகப் புத்தகமும் ஆயின. வாய்க்கால், வரப்பு, வண்டல், பேச்சுமொழி என்று அவர் எழுதியவற்றில் ஒன்றுகூட ‘செய்தி’ இல்லை. வழக்கமான செய்தி மேசையில் வைத்தால் ‘இதில் இன்றைக்கு என்ன?’ என்று கேட்டுத் திருப்பியிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் சமஸோடு வேலை பார்த்த கவிஞர் ஆசைத்தம்பியும் மன்னார்குடிக்காரர். க்ரியா அகராதியில் உழைத்தவர். சொல்லை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அந்தப் பக்கத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்கக் கஷ்டம் இல்லை.

சமஸ் மேசையோடு மேசையாக உட்கார்ந்துவிடவில்லை. 2014 நாடாளுமன்றத் தேர்தலின்போது இந்தியா நெடுகப் பயணம் செய்து ‘இந்தியாவின் வண்ணங்கள்’ எழுதினார். கடற்கரைக் கிராமங்களுக்குப் போய் ‘நீர் நிலம் வனம்’ தொடர் எழுதினார். ‘கடல்’ என்ற புத்தகம் அதிலிருந்து வந்தது. 2017-இல் கருணாநிதியைப் பற்றி ‘தெற்கிலிருந்து ஒரு சூரியன்’, 2019-இல் அண்ணாவைப் பற்றி ‘மாபெரும் தமிழ்க் கனவு’ என்று இந்து குழுமத்திலிருந்து வந்த இரண்டு பெரிய தொகுப்புகள் அவருடைய பொறுப்பில் உருவானவை. ஒரு நாளிதழின் நடுப்பக்க ஆசிரியர் நூல் தயாரிப்பாளராகவும் ஆவது தமிழில் அபூர்வம். எனக்கு அவருடைய எல்லா அரசியல் முடிவுகளோடும் உடன்பாடு இல்லை. சில கட்டுரைகளில் சமரசம் தேடும் குரல் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிடும். ஆனால், எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலவீனமான வடிவத்தில் வைத்து அடிக்கிற குணம் அவரிடம் கிடையாது.

*

2020-இல் ஊரடங்கு வந்தபோது அச்சு ஊடகம் ஆட்டம் கண்டது. டீக்கடைகள் மூடிக்கிடந்தன. பேப்பர் மூலம் தொற்று பரவும் என்ற பயத்தில் வீடுகள் பேப்பரை நிறுத்தின. பல நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன, இணைப்பிதழ்களை நிறுத்தின, ஆட்களையும் குறைத்தன. பக்கம் குறையும்போது எது முதலில் போகும்? விபத்துச் செய்தி போகாது, சினிமா போகாது. நீளமான கட்டுரைதான் போகும்.

சமஸ் 2021-இல் நாளிதழிலிருந்து வெளியேறி, அதே ஆண்டு செப்டம்பரில் ‘அருஞ்சொல்’ என்ற இணைய இதழைத் தொடங்கினார்.

காலம் சாதகமாக இல்லை. 2020 நவம்பரிலேயே இணையச் செய்தித் தளங்களை ஒன்றிய அரசு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. 2021 பிப்ரவரி 25 அன்று புதிய தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தன. குறைதீர்ப்பு அலுவலர் வேண்டும், புகாருக்கு 15 நாளில் பதில் வேண்டும், அதற்கு மேலே ஒரு சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு, அதற்கும் மேலே அரசின் கண்காணிப்பு. பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு கூடுதல் கோப்பு. ஐந்தாறு பேர் நடத்தும் தளத்துக்கு வழக்கறிஞர் செலவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் டி.எம். கிருஷ்ணாவும் இணையச் செய்தி வெளியீட்டாளர்கள் சங்கமும் வழக்குத் தொடுத்திருந்தார்கள். கண்காணிப்பு தொடர்பான பிரிவுக்கு மும்பை உயர் நீதிமன்றம் விதித்திருந்த தடை நாடு முழுமைக்கும் பொருந்தும் என்று சென்னை நீதிமன்றம் சொன்னதும் அதே 2021 செப்டம்பரில்தான்.

‘அருஞ்சொல்’லைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது செய்தித்தளமாகத் தெரியவில்லை. ‘பரபரப்பு’, ‘அதிர்ச்சி’, ‘இதை மட்டும் செய்யாதீங்க’ எதுவும் இல்லை. அங்கே நாளிதழின் நடுப்பக்கம் மட்டும் தனியாக வந்து உட்கார்ந்திருந்தது. ராமச்சந்திர குஹா, ப. சிதம்பரம் போன்றவர்களின் கட்டுரைகள் தமிழில் வந்தன. பெருமாள்முருகன் எழுதினார். மருத்துவர் கு. கணேசன் உடல்நலம் எழுதினார். பாலசுப்ரமணியம் முத்துசாமி வேளாண்மை, பொருளாதாரம், காந்திய நிறுவனங்கள் என்று எழுதினார். வாசகர்களிடம் வெளிப்படையாகச் சந்தா கேட்டார்கள்.

நாளிதழ் மேசையில் கட்டுரை ஆசிரியரின் தலையாய வேலை வெட்டுவது. பக்கத்தில் 700 சொல்லுக்கு இடம் என்றால் 701-ஆவது சொல் எவ்வளவு அழகானாலும் போக வேண்டியதுதான். இரவு பக்கம் முடிகிற நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து உட்கார்ந்தால் 700, 500 ஆகும். அந்தக் கத்தரிக்கோல் இணையத்தில் இல்லை. இது வரம் என்று தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு அது சாபமாகத்தான் முடிகிறது. இடம் இருக்கிறது என்பதற்காகக் கட்டுரையை ஓட விட்டுவிடுகிறார்கள். நாளிதழில் பழகிய ஆசிரியரின் அருமை இங்கேதான். இடம் தாராளமாக இருந்தும், தேவையில்லாததை எடுக்கிற கை அவருக்குப் பழகியிருக்கிறது. குறுக்குத் தலைப்பு எங்கே போட வேண்டும், எந்தப் பத்தியில் வாசகர் களைப்பார், கட்டுரையாளரின் கோபத்தை எவ்வளவு தணிக்கலாம் என்பதெல்லாம் அச்சுப் பட்டறையில் கற்ற பாடம். தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்கள் இணையச் செய்திக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பிரதியைத் திருத்தத் தெரிந்தவர்கள் கிடைப்பதில்லை.

*

இதே பாதையில் முன்னால் போனவர் ஒருவர் உண்டு. பி. சாய்நாத், ‘தி இந்து’வின் ஊரக விவகார ஆசிரியராகப் பத்தாண்டுகள் இருந்தவர், 2007-இல் மகசேசே விருது பெற்றவர். 2014-இல் நாளிதழை விட்டு வந்து, அந்த டிசம்பரில் ‘பாரி’ என்ற ஊரக இந்திய ஆவணக் களஞ்சியத்தை இணையத்தில் தொடங்கினார். அதற்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. அவரும் இணையத்தை அவசரத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், படம், ஒலி, எழுத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க அச்சில் இடமில்லை என்பதால் வந்தார். டெல்டாவில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் எப்படிக் கடையப்படுகிறது என்பதை அபர்ணா கார்த்திகேயன் போன்றவர்கள் அங்கே விரிவாக எழுதினார்கள். 2022-இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாளிதழ்களில் வந்தது ஒரு நாள் செய்தி.

இனி டெல்டாவின் பக்கம் திரும்பிக் கேட்க வேண்டிய கேள்வி. இதனால் இங்கே உள்ளவருக்கு என்ன கிடைத்தது?

மேட்டூர் திறப்புச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. முதல்வரோ அமைச்சரோ மலர் தூவும் படம் சில நிமிடங்களில் எல்லாக் கைபேசிக்கும் வந்துவிடுகிறது. தண்ணீர் கல்லணைக்கு வரச் சுமார் மூன்று நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆகும். சேராமலும் போகும். மலர் தூவியது நாடு முழுக்கத் தெரியும். தலைஞாயிற்றில் வாய்க்கால் காய்ந்து கிடப்பது தெரியாது. செய்தியின் வேகம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடிக்கொண்டேதான் போகிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்த தீர்ப்பும் அப்படித்தான். நடுவர் மன்றம் 2007-இல் சொன்ன 192-இலிருந்து 14.75 குறைந்தது என்பது ‘பிரேக்கிங்’ செய்தியாக அன்று மாலைவரை ஓடியது. அதில் பெரும்பகுதியை நிலத்தடி நீரைக் காரணம் காட்டித்தான் குறைத்தார்கள் என்பதையும், உப்பேறிய கடலோரக் கிணறுகளுக்கு அந்தக் காரணம் எவ்வளவு பொருந்தும் என்பதையும் பேசக் கட்டுரைதான் வேண்டும்.

நெல் கொள்முதலும் இதே கதி. அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள். அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, முளைத்துவிடுமோ என்று காவல் இருப்பார்கள். மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும், தளர்வு அறிவிப்பார்கள். 2022 குறுவைக்கு 19 சதவீதம் வரை அனுமதித்தார்கள். ஆண்டுதோறும் வரும் செய்தி இது. ஆண்டுதோறும் புதுச் செய்திபோலவே எழுதப்படுகிறது. போன ஆண்டுச் செய்தியோடு இணைத்து, ‘ஏன் உலர்த்தும் இயந்திரம் இல்லை?’ என்று தொடர்ந்து கேட்பதற்கு இணையம் அச்சைவிட வசதியானது. பழைய செய்தி ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தும் ஆசிரியர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

இணையத்தின் பலத்தை டெல்டா பார்த்ததும் உண்டு. 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஹைட்ரோகார்பன், எண்ணெய்க் குழாய் எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தபோது, ஊர்க்காரர்களின் கைபேசியே நிருபராக இருந்தது. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசிய காலத்தில் அந்த வசதி இல்லை. 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் அவர் காலமானார். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்ததற்கு இந்த இரண்டு காலத்துப் போராட்டங்களும் காரணம்.

இணையத்தின் பலவீனமும் நெடுவாசல் போராட்டத்துக்கு அடுத்த ஆண்டே தெரிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மின்கம்பங்களோடு கைபேசிக் கோபுரங்களும் விழுந்தன. புயலைப் பற்றி நொடிக்கொரு செய்தி வந்துகொண்டிருந்தது, அடிபட்டவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும். சென்னைக்கு வெள்ளம் வந்தால் காட்டும் அக்கறையை எங்களுக்குக் காட்டவில்லை என்ற டெல்டாவின் மனத்தாங்கல் அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை ஆறவில்லை.

*

பணம் பற்றிப் பேசாமல் இணைய இதழைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. தமிழில் மாதச் சந்தா கட்டி இணையத்தில் படிக்கும் பழக்கம் இன்னும் வேர்பிடிக்கவில்லை. ஒரு டீயும் வடையும் ஆகிற காசு. ஆனால் ‘நெட்ல சும்மா கிடைக்குதே’ என்பார்கள். தேடுபொறியும் முகநூலும் வழிகாட்டினால்தான் வாசகர் வருவார். அவற்றின் கணக்கு மாறினால் ஒரே இரவில் பாதிப்பேர் காணாமல் போவார்கள். பிற்பாடு சமஸ் ‘புதிய தலைமுறை’ தொலைக்காட்சிக்குப் போனார். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். நாளிதழ், வார இதழ், இணையம், தொலைக்காட்சி என்று நாலையும் பார்த்துவிட்ட ஆசிரியர்கள் தமிழில் குறைவு. ஒவ்வொரு முறையும் அவர் கையோடு எடுத்துப்போனது அந்த நடுப்பக்கத்தைத்தான் என்பது என் கணிப்பு.

இணைய இதழ்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் தமிழில் ‘ஆறாம்திணை’ என்றொரு நல்ல தளம் வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு; அதை இறக்கி நிறுவாவிட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பக்கங்களில் பெரும்பகுதி இன்று கிடைக்காது. பழைய நாளிதழைத் தேடுகிறவர் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகலாம். மூடப்பட்ட இணையத்தளத்தைத் தேடுகிறவர் எங்கே போவார்? கட்டணம் கட்ட மறந்தால் முகவரியே வேறொருவர் கைக்குப் போய்விடும்.

‘அருஞ்சொல்’ இதற்குக் கண்ட வழி பழைய வழிதான். சோழர் வரலாற்றைப் பற்றிப் பல அறிஞர்களின் எழுத்துகளைச் சமஸ் தொகுத்தார். கோயில், நீர்ப்பாசனம், நிர்வாகம், கடல் வணிகம் என்று டெல்டாவை உண்டாக்கிய ராஜ்ஜியத்தின் கதை. ‘சோழர்கள் இன்று’ என்ற பெயரில் அதை அந்த இணைய இதழே புத்தகமாக, காகிதத்தில், அச்சடித்து வெளியிட்டது.